செண்பகவல்லியின் முகத்தில் குற்றாலம் பிள்ளை

கல்யாண வீடுகளுக்குச் சைவச் சமையல் செய்கிறவரைத் தவசிப்பிள்ளை என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருத் தவசிப்பிள்ளையான குற்றாலம் பிள்ளை, ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்து, யாருக்கும் அதிகம் சிரமம் கொடுக்காமல் செத்துப்போய், பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் மிச்சமிருந்த வடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், தன் மகள் செண்பகவல்லியின் மூக்கு நுனியில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

செண்பகவல்லிக்கு அதுவரை அம்மா வீட்டு மூக்கு. ஒடுக்கமாக இறங்கி, நுனியில் லேசாக நிமிர்ந்து நிற்கும். அன்றைக்குப் பல் துலக்கப் போனவள் கண்ணாடியில் பார்த்தபோது, மேலே எல்லாம் பழையபடிதான் இருந்தது. நுனி மட்டும் உரித்த சின்ன வெங்காயம்போல் உருண்டு, வாயைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு தழும்பு வேறு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்தில் வடைச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து அப்பா வாங்கிய தழும்பு அது. அவள் கூப்பிட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா ஆவுடையம்மாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? காப்பி ஆறிப்போச்சு. இருங்க, சூடு பண்ணிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

அவ்வளவுதான். வேறு ஊராக இருந்தால் இதற்கு நாலு பேர் மயங்கி விழுந்திருப்பார்கள். எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் கிடையாது. பெயர் தெரியாத நோய், வேற்று ஜாதிக் கல்யாணம், நினைத்த நேரத்துக்கு வந்து நினைத்த நேரத்துக்கு நிற்கும் குழாய்த் தண்ணீர் என்று எத்தனையோ பார்த்துவிட்டவர்கள் நாங்கள். வந்தவர் ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை; வந்தவருக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினையாக இருந்தது. ஆண்கள் செண்பகவல்லியைக் கண்டால் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். அவள் ஸ்கூட்டரில் போகும்போது வாசலில் உட்கார்ந்திருக்கும் மருமகள்கள் எழுந்து நின்றார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் மட்டும், போனில் வீடியோவில் பார்த்துவிட்டு, "கொள்ளி வச்சது நானு, மொட்டை அடிச்சது நானு, வந்தது இவகிட்டயா?" என்று கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் பேசாமல் இருந்தான். மாதத் திதி கொடுக்கலாமா, ஆள் இருக்கும்போது கொடுப்பது முறையா என்று கேட்டதற்கு, எங்கள் ஐயர் நெற்றியைத் தடவி நெடுநேரம் யோசித்து, "மூக்கு நுனி மட்டுந்தானே வந்திருக்கு. மிச்சத்துக்குத் தாராளமா கொடுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஊரே அதை நியாயம் என்றது.

செண்பகவல்லி வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை மாட்டி, தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, "இது உங்க மூக்குக்குத்தான் செஞ்ச மாதிரி இருக்கு" என்று எல்லாரிடமும் சொல்கிற வேலை. கடை முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா. முகக்கவசம் போட்டுப் பார்த்தாள். அம்மா அதைப் பிடுங்கி, "அவுகளுக்கு மூச்சு முட்டும்" என்று அடுப்பில் போட்டாள். அப்பா போனதற்கு அழலாம் என்று உட்கார்ந்தால், "அழாதட்டி, அப்பாதான் இருக்காருல்லா" என்று கண்ணைத் துடைக்கும் சாக்கில் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மூக்கு எங்கே போயிற்று என்று இந்த ஊரில் ஒருவராவது கேட்டார்களா என்றால், இல்லை.

இதற்குள் கொம்பையாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. கொம்பையா, குற்றாலம் பிள்ளைக்குக் கீழே கரண்டி பிடித்தவர். பெரியவர் போனபின் சமையல் செட்டை எடுத்து நடத்துகிறவர். படையல் போடுவதற்கு முன்னால் சமைத்ததை நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. எச்சில் பட்டது சாமிக்கு ஆகாது. உப்பு, புளிப்பு, காரம் மூன்றையும் ஆவியில் மூக்கைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றாலம் பிள்ளையின் மூக்கு அதில் பேர்போனது. சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் விடைத்து நுனி சிவக்கும். குறை இருந்தால் தும்மல் வரும். கொம்பையாவின் மூக்கோ, பாவம், சாம்பாரையும் ரசத்தையும் நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்லும்.

ஆகவே தை பிறந்து முகூர்த்தம் தொடங்கியதும், கண்ணாடிக் கடை வாசலில் ஆட்டோக்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. ஆட்டோவிலிருந்து தூக்குவாளி இறங்கும், தூக்குவாளிக்குப் பின்னால் கொம்பையா இறங்குவார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூலிங் கிளாஸ் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையன்களை விலக்கிவிட்டு, மூடியைத் திறந்து, "அண்ணாச்சி, ஒரு வாட்டி பாத்துச் சொல்லிருங்க" என்று நீட்டுவார். செண்பகவல்லிக்கு இஷ்டமோ இல்லையோ, ஆவி போய் நுனியில் பட்டதும் மூக்கு தன் வேலையைப் பார்த்துவிடும். இதில் ஒரு சிக்கல். கல்யாண வீட்டுக் காரியத்தில் ஒற்றைத் தும்மல் அபசகுனம். இரட்டையாக வந்தால் தோஷமில்லை. அதனால் அவள் ஒருமுறை தும்மினால் கொம்பையா மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து, "இன்னொண்ணு, பாப்பா, ஒரே ஒண்ணு" என்று கெஞ்சி, இரண்டாவது தும்மலையும் வாங்கிக்கொண்டுதான் உப்புப் போடப் போவார். அந்த வருஷம் எங்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாடுபோல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகாத கல்யாணத்தில்கூடச் சாப்பாட்டுக்கு ஒரு குறை சொல்ல முடியவில்லை. கடை முதலாளிக்கும் வருத்தம் கிடையாது. தூக்குவாளியோடு வந்த சமையல்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கண்ணாடி போட்டுக்கொண்டார்கள்.

சங்கடப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செண்பகவல்லி. இன்னொருவன் பூதலிங்கம்.

பூதலிங்கம் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. குற்றாலம் பிள்ளை உயிரோடிருக்கும்போதே பேசி முடித்த சம்பந்தம். வள்ளியூரில் பம்புசெட்டு விற்கிற கடை வைத்திருந்தான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பயப்படுகிறவன் அவன்தான். முன்பெல்லாம் தினமும் போனில் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்குத்துறைப் படித்துறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தவன், மூக்கு வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு மூன்று படி கீழே உட்கார்ந்தான்.

"கிட்ட வந்தாத்தான் என்ன?" என்றாள் அவள்.

"மாமா இருக்காங்கல்லா."

"அது மூக்கு."

"மாமா மூக்கு" என்றான் அவன், ஆற்றைப் பார்த்தபடியே. "மாமா முன்னாடி நான் எப்படி ஒங் கையப் பிடிக்க?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை என்பதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகையாக வந்தது. வருஷத் திதிக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லையே என்று கவலைப்படுகிற வீடுகள் உண்டு. இங்கே அப்பாவே நேரில் இருக்கிறார், பெண் கொஞ்சம் முகத்தை முன்னால் நீட்டினால் போதும் என்று சந்தோஷப்பட்டார்கள். மணவறையில் பூதலிங்கம் தாலியை எடுத்துக்கொண்டு குனிந்ததும், மாமனாரைப் பார்த்து அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்துவிடுவான் என்று செண்பகவல்லிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வரப்போகும் நாட்களை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. தன் முகத்தோடு அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

அப்படித்தான் அவள் மதுரைக்குப் போனாள். மூக்கைத் திருத்தும் டாக்டர் ஒருவர் அங்கே இருப்பதைப் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். பூதலிங்கமும் கூடப் போனான். பஸ்ஸில் நாலு சீட் தள்ளி. டாக்டர் அவளை நேராக உட்காரவைத்து, பக்கவாட்டில் திருப்பி, கீழிருந்து, மேலிருந்து என்று படம் பிடித்து, நுனியை விரலால் அமுக்கிப் பார்த்து, உள்ளே இருக்கிற குருத்தெலும்பைக் கொஞ்சம் குறைத்து, மிச்சத்தைத் தையல் போட்டுத் தூக்கி நிறுத்திவிடலாம் என்றார். வீக்கம் கொஞ்ச நாள் இருக்கும், முழுசாக வடிந்து உருவம் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார். பிறகு திரையில் அவள் முகத்தைப் போட்டு, அதில் ஒவ்வொரு நுனியாக மாட்டிக் காட்டினார். அவள் கடையில் ஃபிரேம் மாட்டிக் காட்டுவதும் இப்படித்தான் என்பதால், அவர் எதைப் பார்த்து "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொன்னாலும் அவள் நம்பவில்லை. தன் போனிலிருந்து பழைய படத்தை எடுத்து நீட்டினாள்.

"இது வேணும் டாக்டர்."

டாக்டர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப இருந்து இப்படி?"

"அப்பா இறந்து பதினாறு கழிஞ்சதுல இருந்து. இது எங்க அப்பா மூக்கு."

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தாம்மா சொல்றாங்க" என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "அவசரமில்ல. வீட்டுல பேசிட்டு, தீர யோசிச்சிட்டு வாங்க. உங்களுக்காக வேணும்னா மட்டும் செய்யலாம். வேற யாருக்காகவும்னா வேண்டாம்."

வெளியே வந்ததும் பூதலிங்கம், மூக்கைப் பார்க்காமல் அவள் காதுப்பக்கமாகப் பார்த்து, "எனக்காகன்னா வேண்டாம், செம்பா. நான் எப்படியாவது பழகிக்கிடுதேன்" என்றான்.

"ஒனக்காக இல்ல" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது.

பூதலிங்கத்துக்கு வாயில் எதுவும் தங்காது. அந்த வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கொம்பையா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் நாங்கள் எல்லாரும் கூடி (நானும் போயிருந்தேன், போகாமல் இருக்க முடியுமா) குற்றாலம் பிள்ளை வீட்டுக்குப் போனோம். ஆளாளுக்குப் பேசினோம். அப்பாவைப் பெண்ணே கத்தி வைத்து வெட்டுவதா என்றார் ஒருவர். செய்யட்டும், ஆனால் வைகாசி முகூர்த்தம் முடிந்து செய்யட்டும் என்றார் கொம்பையா. எடுக்கிற நுனியை வீணாக்காமல் தன் மூக்கில் வைத்துத் தைக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஐயர், மயக்க ஊசி போட்டால் அது அண்ணாச்சிக்கும் ஏறுமா என்று சந்தேகம் எழுப்பினார். இத்தனை பேரும் பேசியது மூக்கைப் பார்த்துத்தான். அதற்கு மேலே இரண்டு கண்கள் இருந்ததை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எங்களில் யாரும் பார்க்கவில்லை.

"இது எம் மூஞ்சி" என்றாள் செண்பகவல்லி. "அப்பா எனக்கும்தான் அப்பா. ஆனா இது எம் மூஞ்சி."

"மதினி, நீங்க சொல்லுங்க" என்று கொம்பையா ஆவுடையம்மாளைப் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னா பாப்பா கேக்கும்."

ஆவுடையம்மாள் அடுக்களைக்குள் போனாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

செண்பகவல்லி பயந்ததும் அம்மாவை நினைத்துத்தான். ஊர் எக்கேடும் கெட்டுப் போகட்டும். ஆனால் விளக்கு வைத்த பிறகு ஒவ்வொரு நாளும் அம்மா அவளைத் தன் எதிரே உட்காரவைத்து, டி.வி.யை அணைத்துவிட்டு, மூக்கோடு பேசிக்கொண்டிருந்தாளே, அதற்கு என்ன செய்வது? கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் ஆவுடையம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகூர்த்த நாளில் எல்லாம் நீங்கள் ஊரார் கல்யாணத்தில் இருந்தீர்கள், நான் தனியாக இருந்தேன் என்றாள். செம்பா பிறந்தபோதுகூடத் தென்காசியில் யாருக்கோ பாயசம் கிண்டிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். ஊரில் அத்தனை பேர் பொங்கினதையும் மோந்து பார்த்து நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொன்ன மனிதர், என் சாப்பாட்டை மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனீர்களே என்றாள். செண்பகவல்லி நகராமல் உட்கார்ந்திருப்பாள். பேச்சு தன்னிடம் இல்லை என்பதால் பதில் சொல்லவும் முடியாது. அந்த மூக்கை எடுத்துவிட்டால் அம்மா இன்னொரு தடவை தாலியறுத்தவள் ஆவாள். எடுக்காவிட்டால் தான் இந்த வீட்டில் அப்பா படம் மாட்டிய ஆணிதான். அவளுக்கு இரண்டும் பொறுக்கவில்லை.

ஊர் கூடிப் பேசிய மறுநாள், அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் வரைக்கும் சொதி வாசம் அடித்தது. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற சொதி எங்கள் பக்கத்தில் மறுவீட்டு விருந்துக்குச் செய்வது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் செய்ய மாட்டார்கள். ஆவுடையம்மாள் செய்திருந்தாள். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருந்தன. இலை போட்டு, மகளை உட்காரவைத்து, சொதிச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இன்னைக்காவது சொல்லுங்க. எப்படி இருக்கு?"

ஆவி எழும்பி வந்து நுனியில் பட்டது. செண்பகவல்லி காத்திருந்தாள். மூக்கு விடைக்கவில்லை. சிவக்கவில்லை. தும்மலும் வரவில்லை. கொம்பையாவின் தூக்குவாளிக்கெல்லாம் துள்ளிக் குதித்த மூக்கு, சொந்த வீட்டுச் சட்டிக்கு முன்னால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கை சுட்டது. அவள் சட்டியை இறக்கவில்லை.

மூக்கை விடைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இத்தனை மாதத்தில் செண்பகவல்லிக்கு அது தானாகவே பழகியிருந்தது. மூச்சை லேசாக உள்ளே இழுத்தால் போதும். அம்மா சந்தோஷப்படுவாள். ஆயுசுக்கும் சந்தோஷப்படுவாள். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், செய்துவிட்டுப் புண்ணியம் என்றும் சொல்லியிருப்போம். அவளும் மூச்சை இழுக்கத்தான் போனாள். பிறகு விட்டுவிட்டாள். சட்டியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பா ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். "நான் சாப்பிட்டுட்டு நான் சொல்லட்டா?"

செண்பகவல்லி தானே சோற்றைப் போட்டு, சொதியை ஊற்றி, பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாயும் சாப்பிட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். "ஆனா ரொம்ப நல்லாருக்கும்மா. எனக்குச் சின்னதுல இருந்தே ஒஞ் சமையல்தான் பிடிக்கும். அப்பா சமையல்ல எனக்கு வயிறு நெறஞ்சதே இல்ல. நானும் ஒங்கிட்ட இதச் சொன்னதில்ல, பாரு."

ஆவுடையம்மாள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய பார்வை, பழக்கமில்லாத படியில் கால் வைக்கிறவளைப்போல் தயங்கித் தயங்கி மேலே ஏறி, மகளின் கண்களில் வந்து நின்றது. நெடுநேரம் பார்த்தாள். யாரோ வெளியூருக்குப் போயிருந்து இப்போதுதான் வீட்டுக்குள் வந்ததுபோல் பார்த்தாள்.

"ஏட்டி செம்பா" என்றாள். "கண்ணெல்லாம் என்னட்டி இப்படிக் குழி விழுந்து கெடக்கு? எப்பட்டி இப்படி மெலிஞ்ச?"

வாயில் சோறு இருந்ததால் செண்பகவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் இறங்கி, அப்பாவின் தழும்பைத் தாண்டி, இலையில் சொட்டியது. கண்ணைத் துடைக்கும் சாக்கில் மூக்கைத் தொட அப்போது யாரும் இல்லை. ஆவுடையம்மாள் முந்தானையால் மகளின் கண்ணைத்தான் துடைத்தாள்.

"மருதைக்கு நானும் வாரேன்" என்றாள். "தேதி கேட்டுச் சொல்லு. ஆஸ்பத்திரியில முந்தின நாளே பட்டினி போட்டுருவானுக."

உள்ளே போய் உப்பை எடுத்து வந்து, சட்டியில் போட்டுக் கலக்கி, மகளின் இலையில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். ஊற்றிவிட்டு, மூக்கு நுனியைப் பார்த்து, கோபமில்லாமல், வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் புருஷனை வாசல் வரை வந்து வழியனுப்பும் குரலில் சொன்னாள்:

"நீங்க பொறப்படுங்க. பிள்ள சாப்பிடட்டும்."